ஒரு ரூபாய் வாடகைக்குப் போன மருத்துவமனை

ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1972-இல் பங்கர் ராய் அங்கே ஒரு சமூகப் பணி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பின்னாளில் வெறுங்கால் கல்லூரி என்று உலகறியப்பட்ட அந்த நிறுவனத்துக்கு முதல் இருப்பிடமாக வாய்த்தது, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு காசநோய் சானடோரியம். 45 ஏக்கர் நிலம், 21 கட்டடங்கள்; அரசு அதற்குக் கேட்ட வாடகை மாதம் 1 ரூபாய். கல்லூரியின் புகழ் பரவப் பரவ, அந்த வளாகத்துக்கு முன்னொரு வாழ்வு இருந்தது என்ற செய்தி அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் மருத்துவ வரலாற்றில் அந்த ஊர்ப் பெயர் சிறியதன்று. இந்தியாவின் முதல் திறந்தவெளிக் காசநோய் உறைவிடத்தைக் கிறித்தவ மறைப்பணியாளர்கள் 1906-இல் நிறுவியது அங்கேதான். அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரில் ஒரு காசநோய் மருத்துவமனை ஆளற்றுக் கிடந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் அந்நோய் நாட்டை விட்டு அகன்றிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. 1972-இல் காசநோய் இந்தியாவில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. நோய் இருந்தது, நோயாளி இருந்தார், மருத்துவமனை மட்டும் இல்லாமற்போனது. இந்த முரணை விளங்கிக்கொள்ள மருத்துவ நூல்கள் மட்டும் போதா. கணக்குப் புத்தகங்களையும் புரட்ட வேண்டும்.

சானடோரியம் என்ற அமைப்பு மருந்தில்லாக் காலத்தின் படைப்பு. ராபர்ட் காக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க அதன்பின் அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவை மூன்று: ஓய்வு, தூய காற்று, நல்ல உணவு. இவை மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் ஊருக்கு வெளியே, இயன்றால் மலைமீது, இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவம் கருதியது. இந்தியாவும் அவ்வழியே சென்றது. 1908-இல் அல்மோராவிலும், 1909-இல் சிம்லா செல்லும் வழியிலுள்ள தரம்பூரிலும், 1912-இல் நைனித்தால் அருகே பவாலியிலும் சானடோரியங்கள் எழுந்தன. தரம்பூர் முயற்சிக்குப் பின்னால் நின்றவர் பம்பாய்ப் பத்திரிகையாளரும் சீர்திருத்தவாதியுமான பெஹ்ராம்ஜி மலபாரி. ஆந்திரத்து மதனப்பள்ளியில் பல மறைப்பணிச் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு சானடோரியத்தைத் தொடங்கின; 1915 முதல் ஆரோக்கியவரம் என்ற பெயரில் அது தனி வளாகமாக வளர்ந்தது. அதன் தலைமை மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றியவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர். கமலா நேரு 1934-35-இல் பவாலியில் சிகிச்சை பெற்றபோது, சிறையிலிருந்த ஜவஹர்லால் நேரு அவருக்கு அருகில் இருக்கும்பொருட்டு அல்மோராச் சிறைக்கு மாற்றப்பட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி.

இந்த நிறுவனங்கள் எதனால் பிழைத்தன? பொதுவாக நான்கு வாய்க்கால்களின் வழியே பணம் வந்தது. முதலாவது, மன்னர்களும் செல்வந்தர்களும் அளித்த நிலமும் கட்டட நன்கொடையும். இரண்டாவது, மறைப்பணிச் சங்கங்களும் அறச்சங்கங்களும் ஆண்டுதோறும் திரட்டிய சந்தா. மூன்றாவது, கட்டண விடுதிகளிலும் தனிக் குடில்களிலும் தங்கிய வசதியுள்ள நோயாளர் செலுத்திய தொகை. நான்காவது, மாகாண அரசின் மானியம். முதல் வாய்க்கால் கட்டடத்தை எழுப்பியது. ஆனால் அன்றாடச் செலவைத் தாங்கியவை மற்ற மூன்றுமே. வசதியுள்ளவரின் கட்டணத்தில் ஒரு பகுதி ஏழையின் இலவசப் படுக்கையைத் தாங்கிற்று. சந்தாவும் மானியமும் மீதியைத் தாங்கின. எந்த ஒன்று குறைந்தாலும் மற்றவை நெருக்கடிக்கு உள்ளாகும் கட்டமைப்பு அது.

செலவோ குறைக்கக் கூடியதாக இல்லை. மற்ற நோயாளி சில நாள்களில் வீடு திரும்புவார். காசநோயாளி மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், ஒரே படுக்கையில் இருப்பார். அவருக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் நாள்தோறும் வேண்டும். சலவை, தண்ணீர், இரவுக் காவல், செவிலியர் ஊதியம் என்று நிலையான செலவுகள் மேலே சேர்ந்துகொண்டே போகும். நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் சிகிச்சைகளும் மார்பு அறுவை மருத்துவமும் வந்தபின், ஊடுகதிர்க் கருவியும் அறுவைக் கூடமும் தவிர்க்க இயலாதவையாயின. மலையுச்சியில் அமைந்த நிறுவனத்துக்கு ஒவ்வொரு மூட்டை அரிசியும் கூடுதல் வண்டிச்சத்தத்துடன்தான் போய்ச் சேரும்.

இத்தனை செலவும் எத்தனை பேருக்குப் பயன்பட்டது? 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை இக்கேள்விக்குத் தயக்கமற்ற விடை தந்தது. நாட்டில் தீவிரக் காசநோய் உள்ளவர் ஏறத்தாழ 25 இலட்சம். ஆண்டுக்கு இறப்போர் 5 இலட்சம். இருந்த படுக்கைகளோ சுமார் 6,000. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓராண்டுப் படுக்கை என்று வைத்துக்கொண்டால், புதிதாக ஒருவருக்கும் நோய் வராமல் இருந்தாலும்கூட, இருக்கும் நோயாளர் அனைவரையும் ஒருமுறை அனுமதித்து முடிக்க நானூறு ஆண்டுகளுக்கு மேலாகும். சானடோரியம் ஒரு நாட்டின் நோய்க்கு விடையாக இருக்க முடியாது என்பதை இந்த ஒரு வகுத்தல் கணக்கே காட்டிவிடும்.

அறிக்கை வந்த மறு ஆண்டில், 1947 மே மாதத்தில், கல்கத்தாவை அடுத்த யாதவ்பூர் காசநோய் மருத்துவமனையில் வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா இறந்தார். வயது இருபது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அதற்கு முன்பே அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் இந்தியாவின் எளிய நோயாளியின் கைக்கு அது எட்டவில்லை. படுக்கை கிடைத்தவருக்கு மருந்து கிடைக்காத காலத்தின் கடைசி ஆண்டுகள் அவை. மருந்து கிடைத்தும் படுக்கை இல்லாத காலம் அடுத்து வந்தது. பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952 முதல் மலிவான ஐசோநயாசிடும் வந்து சேர்ந்தபோது, இதுவரை கேட்கப்படாத ஒரு கேள்வியைக் கேட்க வழி பிறந்தது: படுக்கை உண்மையில் தேவையா?

அக்கேள்விக்கு விடை தேடிய ஆய்வு சென்னையில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை அங்கே நிறுவின. மையத்தின் தொடக்ககால வழிகாட்டி வாலஸ் ஃபாக்ஸ். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளர் குலுக்கல் முறையில் இரு பிரிவினராயினர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கி மருந்துண்டனர். மறு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளில் இருந்தபடியே அதே மருந்தை உண்டனர். உணவு, ஓய்வு, இடவசதி அனைத்திலும் சானடோரியத்தினரே மேலான நிலையில் இருந்தனர். 1959-இல் முடிவுகள் வெளிவந்தபோது, குணமடைவதில் இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வீட்டிலிருந்த நோயாளரால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவியதாகவும் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ ஆய்வுகளில் இதற்கு நிகரான விளைவுகளை உண்டாக்கியவை சிலவே. அதே 1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரத்துக்கே உரியது என்ற பழைய நம்பிக்கையைத் தகர்த்துக் கிராமங்களிலும் அது ஏறத்தாழ அதே அளவில் இருப்பதைக் காட்டியிருந்தது. இவ்விரு அறிவையும் இணைத்து 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் உருவாயிற்று. மாவட்டக் காசநோய் மையம், அதன்கீழ் இயங்கும் பொது மருத்துவ நிலையங்கள், வீட்டிலிருந்தே மருந்து: இதுவே அதன் வடிவம். 6,000 படுக்கைகளைக் கொண்டு 25 இலட்சம் பேரை எதிர்கொண்ட ஒரு நாட்டுக்கு அது சரியான முடிவு. அதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் சரியான ஒரு முடிவு எல்லார்க்கும் ஒரே விலையில் வருவதில்லை. திட்டத்தின் பணம் மாவட்ட மையத்துக்கும் மருந்துக்கும் திரும்பியபோது, சிறு சானடோரியங்களின் நான்கு வாய்க்கால்களும் ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கின. வற்றிய வரிசையைத் தருக்கமாகவே கணிக்கலாம். முதலில் விலகக்கூடியவர் கட்டண நோயாளர். மருந்தை விலைக்கு வாங்க முடிந்தவருக்கு மலைக்குடிலில் ஓராண்டைக் கழிக்கக் காரணம் ஏதுமில்லை. அவர் விலகினால், அவர் கட்டணத்தால் ஓடிய இலவசப் படுக்கைகள் ஆதரவற்றுப்போகும். சந்தா செலுத்துவோரிடம் இனி எதைச் சொல்லிப் பணம் கேட்பது? வீட்டிலேயே குணமாகும் நோய்க்கு விடுதி எதற்கு என்ற கேள்விக்கு அறச்சங்கத்திடம் விடையில்லை. விடுதலைக்குப் பிறகு வெளிநாட்டு மறைப்பணிச் சங்கங்களும் தம் நிறுவனங்களை உள்நாட்டுக் கைகளில் ஒப்படைத்து ஒதுங்கத் தொடங்கியிருந்தன. எஞ்சியது அரசு மானியம்; அதுவும் புதிய திட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

இந்த நெருக்கடியிலிருந்து சானடோரியங்கள் மூன்று விதமாக வெளியேறின. சில, அரசின் அல்லது மாநகராட்சியின் நேரடிப் பொறுப்பில் இருந்ததால் நிலைத்தன. மும்பை மாநகராட்சியின் சேவ்ரி காசநோய் மருத்துவமனை இதற்குச் சான்று. வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென ஓர் இடம் இருக்கும்வரை, சந்தாதாரரின் மனமாற்றம் அதைத் தொடவில்லை. வேறு சில, பொது மருத்துவமனைகளாக உருமாறின. ஆரோக்கியவரம் அவ்வாறு மாறிப் பிழைத்தது. யாதவ்பூர் வளாகத்தில் இன்று ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. மூன்றாம் வகை, திலோனியாவில் பங்கர் ராய் கண்டது: பூட்டிய கதவுகளும் மாதம் 1 ரூபாய் வாடகையும்.

எந்த நிறுவனம் எந்த வழியில் செல்லும் என்பதை முடிவு செய்தது மருத்துவத் தரமன்று. நிலம் எங்கே இருந்தது, பொறுப்பு யாரிடம் இருந்தது என்ற இரண்டே பெரும்பாலும் முடிவு செய்தன. ஊருக்கு அருகிலிருந்த சானடோரியம் பிள்ளைப்பேற்றுக்கும் காய்ச்சலுக்கும் கதவைத் திறந்துவிட்டு வருவாய் தேடலாம். ஊரை விட்டு விலகி, தூய காற்றை நாடி எழுப்பப்பட்ட சானடோரியத்துக்கு அந்த வழியில்லை. நோயாளரை அதனிடம் அழைத்துவந்த தொலைவே இறுதியில் அவர்களை அதனிடமிருந்து பிரித்தது.

இங்கே வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. இந்நிறுவனங்கள் மூடப்பட்டதை மருத்துவ முன்னேற்றத்தின் இயல்பான விளைவு என்று பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சென்னை ஆய்வு சொன்னது, மருந்தை ஒழுங்காக உண்ணும் நோயாளிக்கு விடுதி கட்டாயமில்லை என்பதே. விடுதியே எவருக்கும் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. வீடு மருத்துவமனைக்கு ஈடாகும் என்றால், வீடே இல்லாதவருக்கு எது ஈடு? நோயறிந்ததும் கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பெண், நடைபாதையில் உறங்கும் கூலியாள், ஊர் விட்டு ஊர் செல்லும் புலம்பெயர் தொழிலாளி ஆகியோர் ஆய்வின் சராசரிக்குள் அடங்காதவர்கள். அவர்களுக்குப் படுக்கை என்பது கூரை, மூன்று வேளைச் சோறு, மருந்தை நினைவூட்டும் ஒரு குரல். படுக்கையின் இந்தப் பயன்களை எந்தக் கணக்கேட்டிலும் வரவாகக் காட்ட வழியிருக்கவில்லை. ஆகவே செலவு மட்டுமே தெரிந்தது.

பிற்கால வரலாறு இதை இருமுறை நினைவூட்டியது. முதலாவது, மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய். அதற்கான சிகிச்சைத் திட்டம் 2007-இல் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் தொடங்கியபோது, நோயாளரைத் தொடக்கத்தில் மருத்துவமனையில் சேர்த்துக் கண்காணிக்க வேண்டியிருந்தது. கைவிட்ட படுக்கைகளை மாநிலங்கள் மீண்டும் தேடின. இரண்டாவது, உணவு. சானடோரியத்தின் சமையலறையைச் சென்னை ஆய்வு தேவையற்றதாக்கிவிட்டது என்றே நீண்டகாலம் எண்ணப்பட்டது. 2023-இல் ஜார்க்கண்டிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருள் வழங்கினால் அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. நோயாளியின் ஊட்டத்துக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 2018-இல் தொடங்கி, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. பூட்டப்பட்ட சமையலறை வங்கிக் கணக்கின் வழியே, வேறு உருவில், திரும்பி வந்திருக்கிறது.

காசநோய் சானடோரியத்தின் கதை முடிந்த இடத்தில் தொழுநோய் மருத்துவமனையின் கதை தொடங்குகிறது. வடிவம் ஒன்றே. வெல்லெஸ்லி பெய்லி 1874-இல் தொடங்கிய தொழுநோய் மறைப்பணியும் பிற சங்கங்களும் புருலியா முதலான இடங்களில் விடுதிகளை நடத்தின. அவற்றின் உயிர்நாடி கடல் கடந்து வந்த நன்கொடை. 1980-களில் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்தது. புற நோயாளியாகவே குணமாகும் வாய்ப்பு பிறந்தது. மக்களில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது. தொழுநோய், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பின் சொற்களை நுணுக்கமாகப் படித்தோர் சிலர். ஒழிந்தது என்ற ஒரு சொல் மட்டும் தொலைவிலிருந்த நன்கொடையாளரின் காதில் விழுந்தது. ஒழிந்த நோய்க்கு யார் பணம் அனுப்புவார்? ஆனால் இன்றுவரை உலகின் புதிய தொழுநோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில்தான் கண்டறியப்படுகின்றனர். கிருமி நீங்கியபின்னும் உணர்விழந்த பாதம் உணர்விழந்ததாகவே இருக்கும். அதில் புண் வரும், ஆறும், மீண்டும் வரும். மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை வேலூரில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொடங்கினார். அத்திறன் சிறப்பு மருத்துவமனைகளிலேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. ஒவ்வொரு சிறு தொழுநோய் மருத்துவமனை மூடப்படும்போதும், அல்லது வருவாய்க்காகப் பொது மருத்துவமனையாக மாறும்போதும், அத்திறன் வாழ ஓர் இடம் குறைகிறது. மாவட்ட மருத்துவமனையில் தொழுநோய்க்கும் இடமுண்டு என்பது கொள்கை. ஆறாத புண்ணுடன் வரிசையில் நிற்பவரை மற்றவர் எப்படிப் பார்க்கின்றனர் என்பது நடைமுறை.

ஒரே நோய்க்கென எழும் மருத்துவமனையின் வலிமையும் நலிவும் ஒன்றேதான். அந்நோயின்பால் சமூகம் கொள்ளும் அச்சமும் இரக்கமும் அதைக் கட்டி எழுப்புகின்றன. அச்சம் தணியும் நாளில் பணமும் தணிகிறது. நோய் எத்தனை பேரிடம் மிஞ்சியிருக்கிறது என்பதை அந்தப் பணம் எண்ணிப் பார்ப்பதில்லை. மிஞ்சியிருப்போர் எப்போதும் முன்னவரைவிட ஏழைகள், முன்னவரைவிடக் குரலற்றவர்கள். செல்ல வழியுள்ளவர் முன்பே சென்றுவிட்டனர். கடைசி நோயாளரின் செலவே தலைக்கு மிக அதிகமாக இருக்கும். அந்தச் செலவை ஏற்க வேண்டிய கட்டத்தில்தான் கணக்கு முடிக்கப்படுகிறது.

இன்று சிறு சிறப்பு மருத்துவமனைகள் நிதியின்றித் தள்ளாடும்போது, அவை காலத்துக்கு ஒவ்வாதவை என்ற பழைய விடை மீண்டும் எடுத்து நீட்டப்படுகிறது. சிலவற்றைப் பொறுத்தவரை அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் இந்தியச் சானடோரியங்களின் வரலாறு, மூடும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை விட்டுச்சென்றிருக்கிறது: கடைசிப் படுக்கையில் இருப்பவர் எங்கே போவார்? திலோனியாவின் கடைசி நோயாளி எங்கே போனார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. நிலத்தின் அளவும் கட்டடங்களின் எண்ணிக்கையும் வாடகைத் தொகையும் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன.